கப்சாயில் பெத்தோங் போக எத்தனை தாள் வேணும்?

லயத்துக்காரன் | 4 அக்டோபர் 2025

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து நாலு மோட்டார் சைக்கிள், எல்லாம் கப்சாய்ங்கிற சின்ன மோட்டார். மூணு யமாஹா ஒய்15, ஒரு பழைய ஹோண்டா இஎக்ஸ்5. வருசக் கடைசி பள்ளி விடுமுறையில் கிரிக் ரோட்டைப் பிடிச்சு பெங்காலான் ஹூலு, எல்லை தாண்டித் தாய்லாந்துல பெத்தோங், அப்புறம் ஹாட்யாய், திரும்பும்போது புக்கிட் காயு ஹீத்தாம் வாசல். "பாஸ்போட் ஒண்ணு போதும், மோட்டாரை எவன் கேக்கிறான்"னு ஒரு கோஷ்டி. "பேங்க் லெட்டர் இல்லாம போனா திருப்பி அனுப்பிடுவான்"னு இன்னொரு கோஷ்டி. ஒரு ஒய்15 அப்பா பேர்ல இருக்கு. இன்னொண்ணுக்குத் தவணை முடியல. எந்தக் கோஷ்டி சரி?

பழைய ஸ்பானர் | 4 அக்டோபர், இரவு

ரெண்டாவது கோஷ்டி.

எல்லையில ஆளும் மோட்டாரும் தனித்தனிப் பயணி. ஆளுக்குக் குடிநுழைவுத் துறை, மோட்டாருக்குச் சுங்கத் துறை. ஆளுக்கு அடிக்கிற சாப் (முத்திரை) மோட்டாருக்குச் செல்லாது. தாய்லாந்துச் சட்டப்படி உன் ஒய்15 உள்ளே போற நிமிசத்துல அது தற்காலிக இறக்குமதிச் சரக்கு. திருப்பி வெளியே கொண்டுபோறேன்னு நீ கையெழுத்துப் போட்டாத்தான் வரி இல்லாம விடுவான். மத்ததெல்லாம் இதுக்குள்ள அடக்கம்.

மோட்டாருக்கு: கிரான் (மோட்டார் பதிவுச் சான்று), அதோட நகல் ரெண்டு. சாலை வரித் தாள். 2023 பிப்ரவரியில இருந்து நம்ம ஊர்ல ஒட்ட வேண்டியதில்ல, கைப்பேசிச் செயலியில காட்டினாப் போதும். அங்கே அந்தச் செயலி யாருக்கும் தெரியாது, அச்சடிச்சு வெச்சுக்கோ. தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதி, எல்லைப் பக்கத்துச் சாவடியிலேயே வாங்கலாம்.

ஆளுக்கு: ஆறு மாசத்துக்குக் குறையாம செல்லுபடியாகிற கடப்பிதழ், டிடிஏசி பதிவு (தாய்லாந்துக்கு இணையத்துல பதியற வருகை அட்டை), லைசென் அட்டை. லைசென்சும் கைப்பேசியில மட்டும் இருந்தா பத்தாது. ஆசியான் நாடுகள் ஒண்ணோட லைசென்சை ஒண்ணு ஏத்துக்கிற ஒப்பந்தம் 1985லயே போட்டாச்சு, அதனால அனைத்துலக லைசென் கட்டாயமில்ல. ஆனா ரோட்டுத் தடுப்புல நிக்கிற போலீஸ்காரர் கையில பிடிச்சுப் பார்க்க ஒரு அட்டை வேணும்.

பழைய ஸ்பானர் | 5 அக்டோபர்

பேர் விசயம். தோட்டத்துக் குடும்பத்துல மோட்டார் அப்பா பேர்ல, ஓட்டுறது மகன், எண்ணெய் (பெட்ரோல்) ஊத்துறது அம்மா. சுங்கக்காரனுக்கு அந்தக் கதை வேண்டாம். கிரான்ல யார் பேரோ அவர்தான் உரிமையாளர்.

அப்பா பேர்ல இருந்தா ஒரு அனுமதிக் கடிதம் எழுது. அப்பா பேர், அடையாள அட்டை எண், மகன் பேர், கடப்பிதழ் எண், மோட்டார் எண், என்ஜின் எண், சேசிஸ் நம்பர், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் தாய்லாந்துக்குள்ள ஓட்ட அனுமதின்னு ஒரு வரி. ஆங்கிலத்துல எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர்கிட்ட அப்பாவே போய் கையெழுத்துப் போட்டுச் சாப் வாங்கணும். கூடவே அப்பாவோட அடையாள அட்டை நகல். பெண்டாட்டி பேர்ல இருந்தாலும் இதே கதைதான். "என் சொந்தப் பெண்டாட்டி"ன்னு சொல்லிப் பிரயோசனம் இல்ல.

தவணை முடியாத மோட்டார்: கிரான்ல உன் பேர்தான் இருக்கும், மேல பேங்க்கோட உரிமைக் கோரிக்கை ஏறியிருக்கும். பேங்க்ல இருந்து நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிக் கடிதம் கேளு. கவுண்டர்ல போய் நின்னு அன்னைக்கே வாங்கிடலாம்னு நினைக்காதே. மூணு வாரம் முன்னாடியே ஆரம்பி.

பழைய ஸ்பானர் | 5 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

மேல "நகல் ரெண்டு"ன்னு எழுதினேன். நாலு எடு. காப்புறுதிச் சாவடி ஒண்ணு, சுங்கம் ஒண்ணு, நாலு நாள் மழையில ஈரமாக ஒண்ணு, கூட வர்றவன் மறந்துட்டு வந்து "அண்ணே உங்களோடது காட்டலாமா"ன்னு கேக்க ஒண்ணு.

கிரிக் ரோட்டான் | 6 அக்டோபர்

கிரான்ல இருக்கிற என்ஜின் எண்ணும் மோட்டார்ல இருக்கிறதும் ஒண்ணாங்கிறதை இப்பவே பாக்கச் சொல்லுங்க அண்ணே. பழைய இஎக்ஸ்5ல பாதி மோட்டாருக்கு என்ஜின் மாத்தியிருப்பாங்க.

பழைய ஸ்பானர் | 6 அக்டோபர்

நல்ல வேளை ஞாபகப்படுத்தின. என்ஜின் மாத்திட்டு ஜேபிஜேயில (சாலைப் போக்குவரத்துத் துறை) பதியாம விட்ட மோட்டார் நம்ம ஊர்ல ஓடும். எல்லையில எண்ணைத் தேய்ச்சுப் பாக்கிறவன் கையில மாட்டினா ரெண்டு பக்கமும் கேள்வி. மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி, பத்து நிமிசம். எண் மேல இருக்கிற கிரீசையும் செம்மண்ணையும் துடைச்சு, கைப்பேசியில படம் பிடிச்சு வை.

சேசிஸ் நம்பர் பதினேழு எழுத்து. அதுல 'ஐ', 'ஓ', 'கியூ' மூணும் வரவே வராது, ஒன்றோட சுழியோட குழம்பக்கூடாதுன்னு. அதனால யாராவது தாள்ல 'ஓ' அடிச்சிருந்தா அது தப்பு, சுழியாத்தான் இருக்கணும். மலேசியாவுல பூட்டின மோட்டார்னா ஆரம்பம் பொதுவா 'பிஎம்'. ஒரு எழுத்து தப்பா அச்சானாலும் திரும்பும்போது உன் மோட்டார் வேற மோட்டார்.

லயத்துக்காரன் | 7 அக்டோபர்

கவுண்டர்ல என்ன நடக்கும்னு வரிசையா சொல்லுங்க. நாலு பேர்ல ஒருத்தன்கூட இதுவரைக்கும் தாண்டினதில்ல.

பழைய ஸ்பானர் | 7 அக்டோபர், இரவு

நம்ம பக்கம் பெங்காலான் ஹூலு தாண்டி புக்கிட் பெராபிட் வாசல். கடப்பிதழ் பதிவாகணும், அவ்வளவுதான். மோட்டார் பாதையில தலைக்கவசத்தோட வரிசையா நகரும்போது முன்னால இருக்கிறவன் போறான்னு நீயும் முறுக்கிட்டுப் போயிடாதே. வெளியேறினதாப் பதிவாகலன்னா திரும்பும்போது நீ எங்கேயும் போகவே இல்லாத ஆள்.

அதுக்கு முன்னாடி வீட்டிலேயே குடிநுழைவுத் துறை இணையத்தளத்துல பயணத் தடை இருக்கான்னு அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்க. வருமான வரி பாக்கிக்குத் தடை விழும். நாலு பேர் போய் மூணு பேர் தாண்டுறது இதனாலதான்.

தாய் பக்கம்: மோட்டாரை ஓரமா நிறுத்து. சாவி எடு. நடந்து போ. முதல்ல குடிநுழைவுச் சன்னல். கடப்பிதழோட டிஎம் 2 தாள், வண்டி விவரம் எழுதுறது. பின்னால ஆள் உட்கார்ந்து வந்தா டிஎம் 3யும், அது பயணிகள் பட்டியல். இந்தத் தாளையெல்லாம் காப்புறுதிச் சாவடியிலேயே சில வெள்ளிக்கு (ரிங்கிட்) அடிச்சுக் கொடுப்பாங்க. சொந்தமா நிரப்பினா செலவு மிச்சம், ஆனா நாலு பேருக்கும் எழுதி முடிக்கிறதுக்குள்ள பின்னால நிக்கிற பஸ் காலியாகி நாப்பது பேர் உனக்கு முன்னால நிப்பாங்க. சாவடிக்காசு வீண் இல்ல.

சாப் விழுந்ததும் அங்கேயே பிரிச்சுப் பாரு. எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்னு அதுலயே இருக்கும்.

அடுத்தது சுங்கச் சன்னல். இதைத்தான் ஆளுங்க தாண்டிப் போயிடுறாங்க. பெத்தோங்ல பரவாயில்ல, டவுனுக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் சொச்சம் இருக்கு, யோசிக்க நேரம் இருக்கும். புக்கிட் காயு ஹீத்தாமுக்கு எதிர்ப்பக்கம் டானோக்ல எல்லை முடிஞ்ச இடத்துல கடைத்தெரு. சாப்பாட்டு வாசனை வந்ததும் சுங்கம் மறந்துபோகும். சுங்கத் தாள் இல்லாம உள்ளே ஓடுற மோட்டார் கடத்தல் மோட்டார்.

அந்தச் சன்னல்ல கிரான், கடப்பிதழ், அனுமதிக் கடிதம் கொடு. சுருக்கச் சுங்க அறிவிப்பும் மறு ஏற்றுமதி ஒப்பந்தமும் அச்சாகி வரும். கையெழுத்துப் போடு. சன்னலை விட்டு நகராம மூணு இடத்தைப் படி: மோட்டார் எண், சேசிஸ் நம்பர், திருப்பிக் கொண்டுபோக வேண்டிய தேதி. தப்புன்னா அப்பவே சொன்னா ரெண்டு நிமிசத்துல மாத்துவான். ஹாட்யாய் போய் கண்டுபிடிச்சா மாத்த ஆள் இல்ல.

தாளை மடிச்சு கடப்பிதழுக்குள்ள வைக்காதே. ஓட்டல்ல கடப்பிதழைக் கொடுக்கும்போது அங்கேயே விழும். தனியா ஜிப் பை.

பழைய ஸ்பானர் | 8 அக்டோபர்

ஒரு முக்கியமானதை விட்டுட்டேன். ஆளோட நாள்கணக்கும் மோட்டாரோட நாள்கணக்கும் ஒண்ணு இல்ல. 2024 ஜூலையில இருந்து நமக்கு விசா இல்லாம 60 நாள்னு சாப் விழுது. மோட்டாருக்கு 30 நாள். சாப்பை நம்பி உட்கார்ந்தவனுக்கு சுங்கத்துல ஒரு நாளைக்கு 1,000 பாட் அபராதம், உச்சம் 10,000 பாட். நாலு நாள் பயணத்துக்கு இது பொருட்டில்ல. மோட்டாரைச் சொந்தக்காரர் வீட்டுல விட்டுட்டு பஸ்ல திரும்பி, "அடுத்த மாசம் எடுத்துக்கலாம்"னு இருக்கிறவனுக்குத்தான் பொருட்டு.

அதே மாதிரி, ஒருத்தன் பேர்ல உள்ளே போன மோட்டாரை இன்னொருத்தன் வெளியே ஓட்டிட்டு வரக்கூடாது. இடுப்பு பிடிச்சுக்கிட்டுன்னு ஒருத்தன் வேன்ல ஏறிட்டு கூட்டாளிக்கிட்ட சாவியக் கொடுத்தா, எல்லையில கூட்டாளி நிப்பான், ஒப்பந்தத்துல பேர் வேற.

நுழைஞ்ச வாசல்ல வெளியேறணும்னு இல்ல. பெத்தோங்ல வாங்கின தாளை புக்கிட் காயு ஹீத்தாமுக்கு எதிர்ப்பக்கம் சடாவ்ல கொடுக்கலாம். கொடுக்கணும்கிறதுதான் முக்கியம். அவனா கேக்காட்டியும் நீயா நீட்டு. கொடுக்காம வந்தா கணக்குல அந்த மோட்டார் இன்னும் தாய்லாந்துலதான் நிக்குது. அடுத்த தடவை எண்ணைத் தட்டினதும் தெரியும்.

கிரிக் ரோட்டான் | 8 அக்டோபர்

நேரத்தை யாரும் சொல்லல. பெத்தோங் வாசல் ராத்திரி முழுக்கத் திறந்திருக்காது. புக்கிட் காயு ஹீத்தாம் நம்ம நேரம் காலை 6ல இருந்து நடுராத்திரி 12 வரைக்கும். பாடாங் பெசார் வாசல் ராத்திரி 10 வரைக்கும். தாய்லாந்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால.

பழைய ஸ்பானர் | 8 அக்டோபர்

ஆமா. உள்ளே போகும்போது ஒரு மணி நேரம் கிடைக்கும், திரும்பும்போது அதைப் பிடுங்கிக்குவான். கைப்பேசி தானா மாத்திக்கும், மீட்டர்ல இருக்கிற கடிகாரம் மாத்தாது. சடாவ்ல பதினொண்ணுன்னா இங்க பன்னெண்டு, வாசல் சாத்துற நேரம்.

லயத்துக்காரன் | 9 அக்டோபர்

டிடிஏசி எந்த இணையத்தளம்? ஒண்ணுல காசு கேக்கிறான்.

பழைய ஸ்பானர் | 9 அக்டோபர்

காசு கேட்டா மூடு. 2025 மே 1ல இருந்து வந்த பதிவு இது, தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையோட சொந்தத் தளம், இலவசம். பழைய டிஎம் 6 வெள்ளை அட்டைக்குப் பதில். போய்ச் சேர்ற நாளுக்கு மூணு நாள் முன்னாடியிலிருந்துதான் பதியலாம். அதுக்கு முன்னாடி பதிஞ்சு வெச்சுக்கிறேன்னா நடக்காது. பயண வகை தரைவழி, வண்டி எண் கேக்கிற இடத்துல மோட்டார் எண். தங்குற முகவரி வேணும், முதல் ராத்திரி ஓட்டலோடது. ஒவ்வொரு தடவை நுழையறதுக்கும் புதுசாப் பதியணும். வர்ற கியூஆரைப் படமா எடுத்து வை, மலையில லைன் கிடைக்காது.

எல்லைப் பாஸ்ல போலாமான்னு இன்னொரு தம்பி தனியாக் கேட்டிருந்தான். அது எல்லையோரத்து ஆளுங்களுக்கு. பேராக்குல உலு பேராக் மாவட்டத்துக்காரங்களுக்குத்தான். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டம். பெரியம்மா கிரிக்ல இருந்தாலும் உனக்குக் கிடையாது.

பழைய ஸ்பானர் | 12 அக்டோபர்

காப்புறுதி. நம்ம பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புருணைக்குள்ள. தாய்லாந்துக்கு நீட்டிப்புன்னு தனியாச் சேர்க்கலாம். சேர்த்தாலும் தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதி வேறயா வாங்கியே ஆகணும், இது அதுக்கு மாத்து இல்ல. அந்தக் கட்டாயக் காப்புறுதி ஆளுக்குப்பட்ட காயத்துக்கு மட்டும். மருத்துவத்துக்கு உச்சம் 80,000 பாட், உயிர் போனா 500,000. நீ இடிச்ச காருக்கு ஒரு சல்லி வராது. உன் மோட்டாருக்கும் வராது. "இன்சூரன்ஸ் போட்டாச்சு"ன்னு நெஞ்சு நிமித்துறதுக்கு முன்னாடி எது போட்டிருக்குன்னு பாரு.

பயணக் காப்புறுதி எடுக்கிறவங்க விலக்குப் பட்டியலைப் படிங்க. மோட்டார் ஓட்டி விழுந்தா கிடையாதுன்னு சிலதுல இருக்கும். யாலா, பட்டானி, நராதிவாட் மாநிலங்களை ஒதுக்கிற பாலிசியும் உண்டு. பெத்தோங் யாலா மாநிலத்துக்குள்ளதான் இருக்கு.

பழைய ஸ்பானர் | 14 அக்டோபர்

இப்ப மோட்டார். கப்சாய்க்கு டேங்க் நாலு லிட்டர் சொச்சம். மலை, ரெண்டு பேர், மூட்டை எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 35 கணக்குப் போட்டா 140 கிலோமீட்டர்ல காலி. சுங்கை சிப்புட்டிலிருந்து பெங்காலான் ஹூலு ஏறக்குறைய 180. அதனால கிரிக்ல ஊத்து, பெங்காலான் ஹூலுவுல மறுபடியும் நிரப்பு. பெத்தோங்ல இருந்து யாலா 410ஆம் ரோடு ஏறக்குறைய 140 கிலோமீட்டர், முழுக்க வளைவு. பாதியில நிலையம் இருந்தா டேங்க் பாதி இருந்தாலும் நிறுத்து.

அங்கே பெட்ரோல் குழாய்ல 91, 95 ரெண்டும் பெரும்பாலும் காசோஹால், பத்து விழுக்காடு எத்தனால். ஒய்15க்கு ஒண்ணும் ஆகாது. பழைய காபரேட்டர் இஎக்ஸ்5க்கும் நாலு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இ20, இ85ன்னு எழுதின குழாய்ப் பக்கம் போகாதே. எத்தனால் கூடக் கூட கலவையில காத்து கூடிப்போகும், என்ஜின் சூடாகும், பழைய ரப்பர் குழாய் ஊறிப் பிசுபிசுக்கும். விலை மலிவா இருக்கேன்னு கை நீளும், அதான் சொல்றேன்.

எடுத்துட்டுப் போக வேண்டியது: கிளட்ச் கேபிள் ஒண்ணு (இஎக்ஸ்5க்கு வேண்டாம், கிளட்ச் கையே இல்ல), திராட்டல் கேபிள் ஒண்ணு, ஸ்பார்க் பிளக் ஒண்ணு, பல்ப் ஒண்ணு, செயின் அளவுக்கு ஏத்த இணைப்புக் கண்ணி ரெண்டு, இஎக்ஸ்5க்கு 17 இஞ்ச் டியூப் முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணு, டயர் நெம்பி ரெண்டு. ஒய்15 டியூப் இல்லாத டயர்னா சொருகுற ஒட்டுக் குச்சி அஞ்சு, கைப்பம்பு. பழைய கிளட்ச் கேபிள் நல்லா இருந்தா புதுசை அது பக்கத்துலயே கட்டி ஓட்டிட்டுப் போ, அறுந்தா முனையை மட்டும் மாத்தலாம்.

பழைய ஸ்பானர் | 15 அக்டோபர்

செயின் கண்ணியைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை, இதுல தப்புப் பண்றவங்க நிறைய. கண்ணியைப் பூட்டுற கிளிப்புக்கு மீன் மாதிரி ஒரு பக்கம் மூடின தலை, ஒரு பக்கம் பிளந்த வால். செயின் மேல்பக்கம் முன்னோக்கி ஓடும்போது மூடின தலைதான் முன்னால போகணும். வாலை முன்னால வெச்சா கல்லு, குச்சி எது பட்டாலும் கிளிப் கழண்டு பறக்கும். மாட்டினதும் பின்சக்கரத்தை ஒரு சுத்து சுத்திப் பாரு.

கிரிக் ரோட்டான் | 15 அக்டோபர்

டியூப் ரெண்டு எதுக்கு அண்ணே, பின் டியூப்பை அவசரத்துக்கு முன்னாடியும் போடலாமே.

பழைய ஸ்பானர் | 15 அக்டோபர்

போடலாம். மடிஞ்சு உக்காரும், மெதுவா ஓட்டி அடுத்த கடை வரைக்கும் போக ஆகும். சரி, ஒண்ணு போதும். அந்த இடத்துல சட்டை ஒண்ணு வெச்சுக்கட்டும்.

கடையைக் கண்டுபிடிக்க: 'பா யாங்'னு சொன்னா பங்சர் ஒட்டுறது. 'யாங்'னா டயரும் அதுதான், ரப்பர் பாலும் அதுதான், 'சுவான் யாங்'னா ரப்பர் தோட்டம். எல்லையைத் தாண்டினதும் ரோட்டோரம் பூரா சுவான் யாங்தான், அதே வெட்டு, அதே கோப்பை. பால்மரத்தை விட்டு ஓடிப்போறோம்னு கிளம்பின தோட்டத்துப் பையன் நூத்தி எண்பது கிலோமீட்டர் ஓட்டி மறுபடியும் பால்மரத்துக்கு அடியில நிப்பான்.

பழைய ஸ்பானர் | 19 அக்டோபர்

பாதையைக் கேட்டீங்க. கோலகங்சார், லெங்கோங், கிரிக், பெங்காலான் ஹூலு. பழைய பேர் குரோ, வயசானவங்க இன்னும் அப்படித்தான் சொல்வாங்க. லெங்கோங் தாண்டி காலைப் பனி இருக்கும், தலைக்கவசக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பைத் தடவித் துடைச்சா ஆவி படியாது.

பெத்தோங்ல பியாமிட் சுரங்கம் போறவங்களுக்கு ஒரு சங்கதி. 1948 ஜூன் 16ல நம்ம சுங்கை சிப்புட் பக்கம் மூணு வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளைக் கம்யூனிஸ்டுப் படை சுட்டுக் கொன்னதுலதான் மலாயாவுல அவசரகாலம் ஆரம்பிச்சது. அந்தக் கம்யூனிஸ்டுப் படையில மிஞ்சினவங்க எல்லை தாண்டி இந்தக் காட்டுலதான் தங்கினாங்க, 1976ல இந்தச் சுரங்கத்தைத் தோண்டினாங்க. 1989 டிசம்பர் 2ல ஹாட்யாயில ஒப்பந்தம் போட்டு ஆயுதத்தைக் கீழே வெச்சாங்க. ஆக நம்ம ஊர்ல ஆரம்பிச்ச கதை நீங்க போற ரோட்டோட போய் நீங்க தங்கப்போற ஊர்ல முடிஞ்சிருக்கு. அவங்களுக்குச் சுங்கத் தாள் கேக்கல.

410ஆம் ரோட்டுல ராணுவச் சோதனைச் சாவடி வரும். வேகத்தைக் குறை, தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கு, முகம் தெரியணும். இருட்டினதுக்கு அப்புறம் அந்த ரோட்டுல ஓட்டாதே, மான் பன்னிக்காக மட்டும் சொல்லல.

பழைய ஸ்பானர் | 22 அக்டோபர்

பையைத் திறந்து வேப் (மின்சிகரெட்) இருந்தா வீட்டுலயே வை. தாய்லாந்துல 2014லயே இறக்குமதிக்குத் தடை. சிங்கப்பூர்லயும் தடை, இந்த செப்டம்பர்ல இருந்து இன்னும் கடுமை. வாயில பிடிக்கிறதுக்கு ஒரு பயணத்தையே பறிகொடுக்காதே.

திரும்பும்போது அதுக்கு நேர்மாறு. போதை தர்ற கெத்தும் இலை அங்கே 2021ல இருந்து சட்டத்துக்கு உட்பட்டது, ரோட்டோரம் கட்டுக்கட்டா விப்பான். இங்கே நச்சுப் பொருள் சட்டம். கஞ்சா கடைப் பலகையும் கண்ணுல படும். இங்கே அபாயகரப் போதைப்பொருள் சட்டம், விளையாட்டு இல்ல. கூட்டாளி மூட்டையை உன் பெட்டியில போட விடாதே. மோட்டார் யார் பேர்ல இருக்கோ அவன்தான் முதல்ல உட்காருவான்.

லயத்துக்காரன் | 2 நவம்பர்

பேங்க் லெட்டர் வந்துடுச்சு. அப்பா கடிதமும் சாப் ஆச்சு. தலைப்புக்குச் சம்பந்தமில்ல, ஒருத்தன் சிங்கப்பூரும் சேர்க்கலாம்கிறான்.

பழைய ஸ்பானர் | 2 நவம்பர்

வடக்கே போறவன் தெற்கே எதுக்கு. சுருக்கமா: சிங்கப்பூருக்குச் சுங்கத் தாள் இல்ல, அதுக்குப் பதில் வண்டி நுழைவு அனுமதி. முன்னாடியே இணையத்துல விண்ணப்பம், சிங்கப்பூர்ல செல்லுபடியாகிற காப்புறுதி, கட்டணம் கழிக்கிற ஆட்டோபாஸ் அட்டை. மோட்டாருக்கு நாளைக்கு 4 சிங்கப்பூர் வெள்ளி, வருசத்துல 10 நாள் இலவசம், சனி ஞாயிறும் அவங்க பொது விடுமுறையும் இலவசம். வருகை அட்டை அங்கேயும் மூணு நாளுக்குள்ள. சிகரெட்டுக்கு ஒரு குச்சிக்குக்கூட வரி விலக்கு கிடையாது.

பழைய ஸ்பானர் | 27 நவம்பர்

ஹாட்யாய் வெள்ளம் எல்லாருக்கும் தெரியும். ஓட்டல்ல மாட்டினதுல நம்ம ஆளுங்களும் நிறைய. வடகிழக்குப் பருவமழை சொங்க்லா பக்கம் நவம்பர், டிசம்பர்ல அடிக்கும், இந்த வருசம் அளவு மீறிடுச்சு. உங்க பயணத்தை பெத்தோங் போய் பெத்தோங்கிலேயே திரும்புற மாதிரி மாத்துங்க. வாசல் ஒண்ணுதான், சுங்கத்துக்கும் சிக்கல் இல்ல.

மோட்டார் தண்ணியில மூழ்கி, 30 நாளுக்குள்ள வெளியே கொண்டுவர முடியாத நிலை வந்தா: தேதி முடியறதுக்கு முன்னாடி பக்கத்துச் சுங்க அலுவலகத்துல நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்கணும். முடிஞ்ச பிறகு போனா அது அபராதக் கணக்கு. திருட்டுப் போனாலும் முதல்ல போலீஸ் புகார், அதோட நகலைச் சுங்கத்துல கொடு. இல்லாட்டி நீ மோட்டாரை அங்கே வித்துட்டதா அர்த்தம்.

மூழ்கின மோட்டாரை எடுத்ததும் ஸ்டார்ட் பண்ணாதே. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டு, கிக்கரை மிதிச்சுத் தண்ணியைத் துப்ப வை, என்ஜின் எண்ணெய் பால் டீ நிறத்துல இருந்தா ரெண்டு தடவை மாத்து.

கிரிக் ரோட்டான் | 30 நவம்பர்

பெத்தோங்ல டயர் மலிவு, நாலு ஜோடி வாங்கிட்டு வரலாம்னு எங்க கோஷ்டியில ஒரு திட்டம்.

பழைய ஸ்பானர் | 30 நவம்பர்

பயணிக்கு இருக்கிற வரிச் சலுகையில டயரும் டியூப்பும் சேராது. மோட்டார்ல மாட்டி ஓட்டிட்டு வர்றது ஒண்ணு, கழுத்துல மாலை மாதிரி நாலு ஜோடி போட்டுட்டு வர்றது இன்னொண்ணு.

லயத்துக்காரன் | 6 டிசம்பர்

கடைசிக் கேள்வி. இதே மாதிரி போயிக்கிட்டே இருந்தா சென்னை வரைக்கும் மோட்டார்ல போலாமா?

பழைய ஸ்பானர் | 6 டிசம்பர், இரவு

யாராவது கேப்பீங்கன்னு தெரியும்.

தரைவழி இப்போதைக்கு இல்ல. மியன்மார்ல 2021க்கு அப்புறம் சண்டை, தாமு–மோரே வாசலை நம்பித் திட்டம் போட முடியாது. கம்போடிய எல்லையும் இந்த வருசம் ஜூன்ல இருந்து சாத்திக் கிடக்கு, ஜூலையில சண்டையே நடந்துச்சு. மிச்சம் லாவோஸ். அங்கே வலது பக்கம் ஓட்டணும்.

சென்னைன்னா மோட்டாரைப் பெட்டியில அடைச்சுக் கப்பல்ல அனுப்பணும். இந்தியாவுக்குக் கார்னே வேணும், மலேசியாவுல ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்குது. மோட்டாரோட பாஸ்போட்டுன்னு வெச்சுக்கோ. ஒரு வருசம் செல்லும், இந்தியாவுக்குள்ள ஒரு தடவைக்கு ஆறு மாசம். மோட்டார் மதிப்பைப் பொறுத்துப் பிணைப்பணம் கட்டணும். ஒவ்வொரு பக்கமும் மூணு துண்டு. நுழையும்போது சுங்கக்காரன் ஒரு துண்டைக் கிழிச்சுக்குவான், வெளியேறும்போது இன்னொண்ணு, மூணாவது அடிக்கட்டை உன் புத்தகத்துல. அந்த அடிக்கட்டையில ரெண்டு சாப்பும் இருக்கணும், உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. வெளியே போன சாப் இல்லாம திரும்பி வந்தா அந்த நாட்டுச் சுங்கம் முழு வரியையும் கேக்கும், பிணைப்பணத்துல இருந்து போகும். துறைமுகத்துல முகவர் "நான் பாத்துக்கிறேன்"னு சொன்னாலும் அடிக்கட்டையைக் கையில வாங்கி உன் கண்ணால பார்.

பழைய ஸ்பானர் | 19 டிசம்பர்

நாளைக்குக் கிளம்புறீங்க. டிடிஏசி பதிஞ்சாச்சான்னு நாலு பேரும் ஒருத்தரோடதை ஒருத்தர் பாருங்க, கடப்பிதழ் எண்ணுல ஒரு இலக்கம் தப்பினா புதுசாப் பதியணும். கிரிக்ல பசியாறிட்டு எண்ணெய் ஊத்துங்க. இஎக்ஸ்5 முன்னால போகட்டும், ஒய்15 மூணும் பின்னால. மெதுவா போற மோட்டார் பின்னால வந்தா எப்ப நின்னுச்சுன்னே யாருக்கும் தெரியாது.

லயத்துக்காரன் | 23 டிசம்பர்

வந்தாச்சு. சுங்கத் தாள் நாலும் கொடுத்தாச்சு, நாங்களா நீட்டினோம். கண்ணி ஒண்ணு செலவு. கிளிப் தலை முன்னால.